களவு கொடுத்தவர்



வரலாறு வென்றவர்களையே நினைவில் வைத்திருக்கும் என்பர். ஆனால் தோல்வி ஒன்றினாலும் சாதனை ஏட்டில் இடம்பெற்ற ஒரு விளையாட்டு வீரர் உண்டு. அவர் அமெரிக்கரான பிராஞ்ச் றிக்கி.

பேஸ்போல் ஆட்டத்திலே, கிரிக்கெட்டின் விக்கெட் காப்பாளரைப் போல, துடுப்பெடுத்தவரின் பின்னே குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர் ஒருவர் இருப்பார். பந்து வீசப்படும் வேளை பார்த்து எதிரணி ஓட்டக்காரர் அடுத்த தளத்துக்கு நழுவி ஓடுவார். இதனைத் 'தளம் திருடுதல்' என்பர். பிடிப்பாளர் பந்தை விரைந்தெறிந்து அவரை மடக்கவேண்டும்.

1881இல் ஒஹையோவில், மெதடிஸ்தக் குடும்பத்தில் பிறந்த றிக்கி இத்தகைய பிடிப்பாளர். ஞாயிறன்று ஆடமாட்டேன் என்றதால், 1904இல் சின்சினாட்டி அணி ஓர் ஆட்டமும் கொடாது அவரை அனுப்பிவிட்டது. பின்னர் சென் லூயிஸ், நியூயோர்க் அணிகளில் மாற்று ஆட்டக்காரராக இருந்தார். 1907 ஜூன் 28இல், கைநோவுடன் நின்ற அவரிடம் வொஷிங்டன் அணி 13 தளங்களைத் திருடியது. அவ்வாண்டோடு அவரது ஆட்டவாழ்வு முடிந்தது என்றே சொல்லலாம். 1914இல் தலைகாட்டிய இரண்டையும் சேர்த்தால் மொத்தம் 120 ஆட்டங்கள்.

இதற்கு முன்னரே அவர் மனதிற் பதிந்த காட்சி ஒன்று உண்டு. ஒஹையோ வெஸ்லியன் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியளித்த காலத்தில், சார்ள்ஸ் தோமஸ் என்ற கறுப்பின மாணவருக்கு ஒரு ஹொட்டேல் அறை தர மறுத்தது. தன் தோலையே உரித்தெறிய முயல்பவர்போல் அம்மாணவர் கைகளைத் தேய்த்து அழுததை றிக்கி பிற்காலத்தில் பலமுறை சொன்னார்.

1945இல், புரூக்ளின் டொட்ஜர்ஸ் கழகத்தின் தலைவராயிருந்த றிக்கி, ஜக்கி றொபின்சன் என்ற கறுப்பின வீரரை ஒப்பந்தஞ் செய்தார். 1947 ஏப்ரல் 15இல் றொபின்சன் களமிறங்கியபோது, சுமார் 60 ஆண்டுகள் நீடித்த எழுதாத நிறத்தடை உடைந்தது.

இதில் அறத்தோடு வணிகமும் கலந்திருந்தது. றொபின்சன் முன்பு ஆடிய கன்சாஸ் சிற்றி மொனார்க்ஸ் என்ற கறுப்பினத்தார் அணிக்கு றிக்கி ஒரு சதமேனும் ஈடு கொடுக்கவில்லை. வசைகளையும் மிரட்டல்களையும் தாங்கியவரும் றொபின்சனே. கதவைத் திறந்தவரிலும் அதனூடே தனித்து நடந்தவரின் துணிவே பெரிது. எனினும், திறந்த கையையும் நாம் மறத்தலாகாது.

அந்த முதலாண்டில் றொபின்சன் 29 தளங்களைத் திருடித் தேசிய லீக்கில் முதலிடம் பெற்றார். ஒருகாலத்தில் 13 தளங்களைக் களவு கொடுத்தவரே அவரைக் களத்துக்கு அழைத்து வந்தார்.