எடைக்குப் போகும் படச்சுருள்: நிக்கல்சன் பேக்கரின் வாசிப்பை முன்வைத்து

நூலகங்கள் பழைய இதழ்த் தொகுதிகளைக் கழித்துக்கட்டிய வரலாற்றைத் தொடுகிற எவரும் நிக்கல்சன் பேக்கரைத் தாண்டிப் போக முடிவதில்லை. 2001இல் வெளிவந்த அவருடைய ‘டபுள் ஃபோல்டு’ இன்றும் இத்துறையின் குற்றப்பத்திரிகையாகவே வாசிக்கப்படுகிறது. பிரிட்டிஷ் நூலகம் தன்னிடமிருந்த அமெரிக்க நாளிதழ்த் தொகுதிகளை 1999இல் விற்க முன்வந்தபோது, சொந்தச் சேமிப்பைப் போட்டு ‘நியூயார்க் வேர்ல்டு’ முதலியவற்றை வாங்கியவர் அவர். அத்தொகுதிகள் 2004இல் டியூக் பல்கலைக்கழகத்தை அடைந்தன.

அவருடைய வாதம் மூன்று படி கொண்டது. தாள் பொடிந்துபோகும் என்ற அச்சம் ஊதிப் பெருக்கப்பட்டது. பக்கத்தின் மூலையை முன்னும் பின்னும் மடித்து எப்போது ஒடிகிறது என்று பார்க்கும் சோதனைக்கும் வாசகர் பக்கம் புரட்டுவதற்கும் தொடர்பில்லை. அலமாரி இடம்தான் மெய்யான காரணம். மைக்ரோஃபிலிம் அதற்குக் கருவி. முதல் இரண்டில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. மூன்றாவதன் முன்பாதியும் சரியே. ஃப்ரீமாண்ட் ரைடர் 1944லேயே, ஆய்வு நூலகங்கள் பதினாறு ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகின்றன என்று கணக்குப் போட்டு, நுண்ணச்சு அட்டைகளைத் தீர்வாக முன்வைத்துவிட்டார். சிக்கல் பின்பாதியில் இருக்கிறது.

படமெடுப்பது ஒரு முடிவு, மூலத்தை வீசுவது வேறொரு முடிவு. அமெரிக்காவில் இரண்டும் ஒரே மூச்சில் நடந்தன: முதுகுக் கட்டை வெட்டி, தாளைத் தட்டையாக்கிப் படம்பிடித்து, பிறகு தாளைக் கழித்தார்கள். எல்லா இடத்திலும் அப்படி நடக்கவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா 1992இல் மறைந்தபின் அவருடைய சேகரத்தை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, அதைத் தமிழகத்திலேயே வைத்துச் சென்னையில் நூலகமாக்கியது. அங்கே நூல்களும் இதழ்களும் படமெடுக்கப்பட்டன, மூலங்களும் காக்கப்பட்டன. பேக்கரும் தம் நூலின் முடிவில் தரும் பரிந்துரைகளில் இந்த வேறுபாட்டை ஒப்புக்கொள்கிறார். படமெடுத்த பிறகும் மூலம் காக்கப்பட வேண்டும் என்கிறார். ஆனால் நூலின் உடலில் படச்சுருள் குற்றவாளிக் கூண்டிலேயே நிற்கிறது. அந்தச் சாயல் ஒட்டிக்கொண்டதால்தான், மின்னுருவாக்கம் வந்து சுருள்களே குப்பைக்குப் போகும் இன்றைய நிலையில் அவற்றுக்காகப் பேச ஆளில்லை என்று நினைக்கிறேன். இதற்கு நேர்ச்சான்று காட்டுவது கடினம். ஆயினும், தாள் கழிக்கப்பட்டபோது எழுந்த கூச்சலில் பத்தில் ஒரு பங்குகூடச் சுருளுக்கு எழவில்லை என்பதைக் கவனிக்காமல் விட முடியாது.

சுருள் வெறும் நகலன்று. 35 மி.மீ. சுருள் ஒன்றைப் படிப்பானில் ஏற்றினால் செய்திப் பக்கம் உடனே வராது. முதலில் தலைப்புச் சட்டங்கள் வரும்: இதழின் பெயர், உள்ளடங்கிய தேதிகள், சுருக்க விகிதம், நுண்கோடுகள் கொண்ட தெளிவுச் சோதனை அட்டை. பெரும்பாலும் இன்னொன்றும் இருக்கும்: கிடைக்காத இதழ்களின் பட்டியல். கிழிந்த பக்கம், பக்க எண் பிழை, எந்த நூலகத்துப் படியைப் பார்த்து எடுத்தார்கள் என்பதுகூடச் சில சுருள்களில் உண்டு. படமெடுத்தவர் விட்டுச்சென்ற வாக்குமூலம் இது. வாசகர்கள் வேகமாகச் சுழற்றித் தாண்டிவிடுவதும் இதைத்தான்.

2005இல் தொடங்கிய அமெரிக்க தேசிய மின்னுரு நாளிதழ்த் திட்டம் பெரும்பாலும் சுருளிலிருந்தே வருடப்பட்டது. எனவே சுருளில் விடுபட்ட நாள் இணையத்திலும் விடுபட்டிருக்கும். தேடுபொறி ‘இல்லை’ என்று சொல்லும்போது, செய்தி அச்சாகவில்லையா, படியில் பக்கம் கிழிந்திருந்ததா, படமெடுப்பவர் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டினாரா என்று பிரித்தறியத் தலைப்புச் சட்டம் வேண்டும். ஒரே நாளில் பல பதிப்புகள் போட்ட நாளிதழ்களில் நிலைமை இன்னும் கூர்மையானது. சுருளில் இருப்பது ஒரு பதிப்பு, டியூக்கில் இருக்கும் தாள் வேறொரு பதிப்பாக இருக்கலாம். சுருளையும் பாடபேதமாகவே கொள்ள வேண்டும். ‘வேர்ல்டு’ ஞாயிறு இணைப்பில் ‘மஞ்சள் பையன்’ என்ற கேலிச்சித்திரப் பாத்திரம் அணிந்த மஞ்சள் அங்கி கறுப்பு வெள்ளைச் சுருளில் சாம்பலாகிவிட்டது என்பதும் உண்மை. அங்கே பேக்கர் பக்கமே நியாயம்.

சுருள்களைக் காலவரிசைப்படுத்துவதில் ஒரு சங்கடம் உண்டு. அசிடேட் அடித்தளம் நாளடைவில் அமிலமாகி வினிகர் வாடை வீசும், சுருங்கும். பாலியெஸ்டர் அப்படி ஆகாது. சுருளைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பாலியெஸ்டர் ஒளியை விடும், அசிடேட் மறைக்கும். ஆனால் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறியது எல்லா நிறுவனங்களிலும் ஒரே ஆண்டில் நடக்கவில்லை. அடித்தளத்தை வைத்துச் சுருளின் வயதைத் தோராயமாகத்தான் சொல்லலாம். தலைப்புச் சட்டத்தில் தேதி இல்லையென்றால் அதற்குமேல் வற்புறுத்த மாட்டேன்.

கழிப்பதற்குமுன் எஞ்சிய படிகளை எண்ணும் ஏற்பாடு, தாளில் வந்த ஆய்விதழ்களுக்கு ஓரளவு பரவாயில்லை. பிரிட்டனில் நூலகங்கள் கூடி அமைத்த ஆய்வு இருப்புத் திட்டம், மூன்று படிகள் உறுதியான பிறகே மற்ற நூலகங்கள் தம் படிகளைக் கழிக்க விட்டது. ஆயினும் எண்ணப்படுவது பெரும்பாலும் கட்டடம் செய்த தொகுதி. கட்டடத்துக்கு அனுப்பும்போது மேலட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் உரித்தெறிவது பரவலான வழக்கம். ஆகவே கட்டடம் செய்யாத உதிரி இதழ்களை ‘இரட்டைப் படி’ என்று கழிப்பதற்குமுன் அட்டையைப் பார்ப்பது நல்லது.

சுருளுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. சுருள்களுக்கான பதிவேடுகள், வாசகர் படிகளை எடுக்க உதவும் தாய்ச்சுருளைத்தான் எண்ணின. தாய்ச்சுருள் வினிகராகிப்போனால், ஏதோவொரு சிறு நூலகத்தின் வாசகர் படியே எஞ்சிய ஒரே சாட்சியாகிவிடும். அதுவோ எந்தப் பதிவேட்டிலும் இல்லை, வெள்ளி பிரித்தெடுப்பவருக்கு எடைக்குப் போகிறது. பொதுப்பணம் பெறும் நூலகங்கள் தாம் கழிப்பவற்றின் பட்டியலை வெளியிட வேண்டும் என்பது பேக்கரின் பரிந்துரைகளில் ஒன்று. அதில் சுருள்களையும் சேர்க்க வேண்டும். ஒவ்வொன்றின் எதிரிலும் தலைப்புச் சட்டத்தில் உள்ள விடுபட்ட இதழ்களின் பட்டியலைப் படியெடுத்து எழுதிய பின்னரே சுருள் கட்டடத்தை விட்டு வெளியேற வேண்டும்.