எட்டு நாளில் மூன்று பழைய நகரங்கள்: ஒரு பயணத் திட்டமும் கொஞ்சம் வரலாறும்

மகள் ஹெல்சிங்கியில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. "அப்பா, ஜூன்ல நீங்களும் அம்மாவும் வாங்க. நான் 8 நாள் லீவு போட்டுடறேன், பக்கத்துல எங்கயாவது போயிட்டு வரலாம்" என்றாள். பக்கத்தில் என்றால் பின்லாந்து வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், 80 கி.மீ. தூரத்தில் தாலின் நகரம். கப்பலில் இரண்டு மணி நேரம். அங்கிருந்து தெற்கே இறங்கினால் ரீகா, அதற்கும் தெற்கே வில்னியஸ். எஸ்தோனியா, லாத்வியா, லிதுவேனியா ஆகிய மூன்று நாடுகளின் தலைநகரங்கள். மூன்றையும் சேர்த்தால் பரப்பில் தமிழ்நாட்டை விடப் பெரிசு. மக்கள்தொகை என்னவோ சுமார் 60 லட்சம்தான். மூன்றுக்கும் ஒரே ஷெங்கன் விசா, ஒரே யூரோ. மூன்று ஊரின் பழைய நகரப் பகுதிகளும் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. வில்னியஸ் 1994இலும் மற்ற இரண்டும் 1997இலும் சேர்ந்தன.

திட்டத்தை அனுப்பியதும் மகள் திருப்பிக் கேட்டாள்: "மூணு ஊர்லயும் சிவப்பு ஓடு, கோபுரம், கல்லு பதிச்ச தெரு. எல்லாம் ஒரே மாதிரிதானேப்பா இருக்கும்? ஒண்ணைப் பார்த்தா போதாதா?"

உடனே பதில் சொல்ல வரவில்லை. இணையத்தில் கிடைக்கிற படங்களைப் பார்த்தால் அவள் சொல்வது சரி மாதிரிதான் இருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் வாசித்ததில் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. அவளுக்கு எழுதும் பதில் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

விற்கப்பட்ட ஊர்

தாலினில் இருந்தே தொடங்குவோம். நம்ம ஊர்க்காரர்களுக்கு இந்த நகரத்தோடு எதிர்பாராத ஓர் ஒற்றுமை உண்டு. 1219இல் டென்மார்க் அரசர் இரண்டாம் வால்டெமர் படையெடுத்து வந்து இங்குள்ள குன்றைப் பிடித்தார். அந்தப் போரில்தான் டென்மார்க்கின் சிவப்பு வெள்ளைக் கொடி வானத்திலிருந்து விழுந்தது என்று டேனியர்களின் ஐதீகம். தாலின் என்ற பெயரே 'டேனியர் கோட்டை' என்ற பொருளுள்ள எஸ்தோனியச் சொற்களிலிருந்து வந்தது என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம்.

டேனியர் கோட்டை என்றதும் எனக்குத் தரங்கம்பாடிதான் ஞாபகத்துக்கு வந்தது. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனியர்கள் அங்கே டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1845இல் வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். தாலினையும் அப்படித்தான் விற்றார்கள். 1343இல் எஸ்தோனியக் குடியானவர்கள் பெரும் கலகம் செய்தார்கள். ஜெர்மானிய மதவீரர் படையான டியூட்டானிக் சபை வந்து அதை அடக்கியது. அதன் பிறகு, 1346இல், டென்மார்க் அரசர் வட எஸ்தோனியா முழுவதையும் அந்தச் சபைக்கே 19,000 மார்க் வெள்ளிக்கு விற்றார். இரண்டு விற்பனைக்கும் நடுவில் 499 வருஷம். இரண்டு தடவையும் ஊரில் குடியிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

ஊரை ஆண்ட கொடி மாறினாலும் உள்ளே இருந்த நிர்வாகம் மாறவில்லை. 1248இலேயே தாலினுக்கு லூபெக் நகரச் சட்டம் வந்துவிட்டது. வடகடல் வணிக நகரங்களின் கூட்டமைப்பான ஹான்சாவில் இதுவும் ஒன்று. நம் ஐந்நூற்றுவர் போன்ற வணிகக் குழுக்களைப் பற்றிப் படித்தவர்கள் அதைச் சட்டென்று புரிந்துகொள்ளலாம். ஒரு வித்தியாசம், இங்கே வணிகர்கள் நகரத்தையே தங்கள் கையில் வைத்திருந்தார்கள். 1404இல் கட்டி முடித்த நகர மன்றம் இன்றும் சதுக்கத்தில் நிற்கிறது. எதிரே இருக்கும் மருந்துக்கடை 1422இலேயே ஆவணத்தில் வந்துவிட்டது, இப்போதும் நடக்கிறது.

மன்றத்தில் உட்கார்ந்தவர்கள், பெரிய வணிகர்கள் எல்லாரும் ஜெர்மன் பேசியவர்கள். மூட்டை தூக்கியவர்களும் வீட்டு வேலை பார்த்தவர்களும் எஸ்தோனியர்கள். நகருக்கு வெளியே அவர்கள் பிரபுக்களின் பண்ணையடிமைகள். ஓடி வந்து நகரச் சுவருக்குள் ஒரு வருஷமும் ஒரு நாளும் தங்கிவிட்டால் விடுதலை என்பது நகரச் சட்டம். இதில் பிரபுக்களுக்கும் நகரத்துக்கும் ஓயாத தகராறு. 1535இல் யோஹான் ஊக்ஸ்க்யூல் என்ற பிரபு தன் பண்ணையாள் ஒருவனைக் கொன்றுவிட்டுத் தாலினுக்குள் வந்தபோது நகர மன்றம் அவரைப் பிடித்து விசாரித்து மரண தண்டனை கொடுத்து நிறைவேற்றியும்விட்டது. பிரபுக்கள் பொங்கினார்கள். பண்ணையாளுக்காகப் பிரபுவின் உயிரா என்று. அந்தப் பகுதியில் பண்ணையடிமை முறை சட்டப்படி ஒழிய 1816 ஆனது.

திரும்பக் கட்டிய வீடு

ரீகா 1201இல் ஆல்பெர்ட் என்ற ஜெர்மானிய ஆயர் நிறுவிய ஊர். 1282இல் ஹான்சாவில் சேர்ந்தது. தௌகவா ஆறு கடலில் சேரும் இடம் என்பதால் ரஷ்ய உள்நாட்டுச் சரக்கெல்லாம் இதன் வழியே போனது. பணம் கொழித்த ஊர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கோட்டைச் சுவரை இடித்துவிட்டு வெளியே விரிந்தது. இன்று ரீகாவின் பெருமையாகச் சொல்லப்படும் 'ஆர்ட் நூவோ' கட்டடங்கள் அந்த விரிவில், பழைய நகருக்கு வெளியே இருப்பவை. பழைய நகரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதி ரீகாவை விட்டுவிட்டதாக அர்த்தம்.

படங்களில் முதலில் வருவது 'கருந்தலையர் வீடு'. கல்யாணமாகாத வெளிநாட்டு வணிகர்களின் சங்கக் கட்டடம். 14ஆம் நூற்றாண்டுக் கட்டடம் என்று பலகை சொல்லும். ஆனால் 1941 ஜூன் மாதச் சண்டையில் அது எரிந்து போனது. மிச்சம் நின்ற சுவர்களைச் சோவியத் நிர்வாகம் 1948இல் இடித்துத் தள்ளியது. நாம் படம் எடுக்கப்போகும் வீடு 1990களில் பழைய வரைபடங்களையும் புகைப்படங்களையும் வைத்துப் புதிதாகக் கட்டியது. பக்கத்தில் உள்ள புனித பீட்டர் தேவாலயத்தின் கோபுரமும் அதே 1941 ஜூனில் விழுந்ததுதான். இப்போது நிற்பது 1973இல் முடிந்த இரும்புச் சட்டகக் கோபுரம். உள்ளே லிஃப்ட் இருக்கிறது. முட்டிவலிக்காரியான என் மனைவிக்கு இந்தத் தகவல் மட்டும் மிகவும் பிடித்திருந்தது.

இதையெல்லாம் ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சோவியத் காலம் முடிந்ததும் இழந்ததைத் திரும்பக் கட்டவேண்டும் என்று ஒரு ஊர் ஆசைப்பட்டது. கேள்வி என்னவென்றால், இழந்தவற்றில் எதைத் திரும்பக் கட்டுகிறோம்?

திரும்பக் கட்டாத கோவில்

இந்தக் கேள்விக்கான விடை வில்னியஸில் இருக்கிறது. வில்னியஸ் மற்ற இரண்டையும் போன்ற ஊரே அல்ல. கடற்கரை கிடையாது, ஹான்சா கிடையாது, ஜெர்மானிய ஆட்சி கிடையாது. ஐரோப்பாவில் கடைசியாக 1387இல் கிறிஸ்தவத்துக்கு மாறிய அரசின் தலைநகரம் இது. 1323இல் கெடிமினாஸ் என்ற அரசர் ஜெர்மன் நகரங்களுக்குக் கடிதம் எழுதி வணிகர்களையும் கைவினைஞர்களையும் வரவழைத்தார். ஊரின் பெயர் வரும் முதல் ஆவணமே அந்த அழைப்புதான். கத்தோலிக்கர், ரஷ்ய வைதிகத் திருச்சபையினர், யூதர் என்று எல்லாரும் வந்தார்கள்.

மொழியும் வேறு. எஸ்தோனியம் பின்லாந்து மொழிக்கு உறவு. லிதுவேனியமோ சமஸ்கிருதத்துக்கு எட்டின உறவு. நெருப்புக்கு 'உக்னிஸ்', புகைக்கு 'தூமஸ்', மகனுக்கு 'சூனுஸ்'. அக்னியும் தூமமும் தெரிந்த நமக்கு இது கேட்டமாதிரி இருக்கும். 1865 வாக்கில் ஜார் அரசு இந்த மொழியை லத்தீன் எழுத்தில் அச்சிடத் தடை போட்டது. 1904 வரை, கிட்டத்தட்ட 40 வருஷம், பிரஷ்யாவில் அச்சடித்த புத்தகங்களைக் குடியானவர்கள் மூட்டையாகச் சுமந்து எல்லை தாண்டிக் கடத்தி வந்தார்கள். புத்தகம் கடத்தியவர்களைக் கொண்டாடும் நாடு என்பதற்காகவே எனக்குப் போகவேண்டும்.

வில்னியஸை யூதர்கள் 'லிதுவேனியாவின் ஜெருசலேம்' என்றார்கள். அதன் நடுவில் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய பெரிய ஜெபாலயம் இருந்தது. தேவாலயங்களை விட உயரக்கூடாது என்பதால் தரையைப் பள்ளமாக்கி உள்ளுக்குள் உயரம் சேர்த்தார்களாம். 1941 செப்டம்பரில் நாஜிகள் பழைய நகருக்குள்ளேயே இரண்டு யூதக் கொட்டடிகளை அமைத்தார்கள். சுற்றுலாப் படங்களில் வருகிற அதே தெருக்கள்தான். 1943 செப்டம்பருக்குள் இரண்டும் காலி. ஊருக்கு வெளியே சுமார் 10 கி.மீ. தள்ளி உள்ள பனேரியாய் காட்டில் 1941 முதல் 1944 வரை சுமார் 70,000 யூதர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆணை ஜெர்மானியருடையது. சுட்டவர்களில் உள்ளூர்த் துணைப்படையினரும் உண்டு.

போரில் சேதமான ஜெபாலயத்தைச் சோவியத் நிர்வாகம் 1950களில் இடித்து அந்த இடத்தில் ஒரு பள்ளிக் கட்டடத்தைக் கட்டியது. 2018இல் அகழாய்வாளர்கள் அந்தப் பள்ளிக்கு அடியில்தான் வேதம் வாசிக்கும் மேடையின் எச்சத்தைக் கண்டெடுத்தார்கள். அதே நகரத்தில், 1801 வாக்கில் இடித்துவிட்ட மன்னர் அரண்மனையை 2002இலிருந்து புதிதாகக் கட்டி எழுப்பிவிட்டார்கள். அரண்மனையைக் கேட்க ஒரு நாடு இருந்தது. கருந்தலையர் வீட்டைக் கேட்க ஒரு நகரம் இருந்தது. ஜெபாலயத்தைக் கேட்க வேண்டியவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தக் காட்டில் கிடக்கிறார்கள். பழைய நகரம் என்று நாம் காசு கொடுத்துப் பார்ப்பது, பிழைத்தவர்கள் தேர்ந்தெடுத்த பழமை.

ரயில் ஏன் சரியில்லை

மூன்று ஊருக்கும் நடுவே முந்நூறு முந்நூறு கி.மீ.தான். ஆனால் தாலினிலிருந்து ரீகாவுக்கு ரயிலில் போகவேண்டுமானால் எல்லையில் உள்ள வால்கா என்ற ஊர் வழியாக, நடுவில் மாறிப் போகவேண்டும். காரணத்தைத் தேடினால் அதுவும் வரலாறுதான். 1860களில் வில்னியஸ் வழியாகப் போன பாதை பீட்டர்ஸ்பர்கையும் வார்ஸாவையும் இணைப்பதற்கு. 1870இல் தாலினுக்கு வந்த பாதையும் பீட்டர்ஸ்பர்கிலிருந்துதான். தண்டவாளம் எல்லாம் பேரரசின் தலைநகரை நோக்கி. பக்கத்து ஊரோடு பேச அல்ல. துறைமுகத்தைப் பார்த்துப் போட்ட நம்ம ஊர்ப் பாதைகளைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. அந்த வால்கா ஊரையே 1920இல் டாலன்ட்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி எஸ்தோனியாவுக்கும் லாத்வியாவுக்கும் இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார்.

இந்த மூன்று ஊரும் ஒருவரையொருவர் தொட்ட நாள் 1989 ஆகஸ்ட் 23. ஹிட்லரும் ஸ்டாலினும் இந்த நாடுகளைப் பங்கு போட்ட ஒப்பந்தத்தின் 50ஆம் ஆண்டு. தாலினின் உயர ஹெர்மன் கோபுரத்தடியிலிருந்து வில்னியஸின் கெடிமினாஸ் கோபுரம் வரை, 600 கி.மீ.க்கு மேல், மக்கள் கைகோத்து நின்றார்கள். 20 லட்சம் பேர் வரை என்பது கணக்கு. இரண்டு வருஷத்தில் மூன்றும் விடுதலை பெற்றன. இன்றைய சொகுசுப் பேருந்து கடற்கரைச் சாலையில் பார்னு வழியாகப் போகிறது. மனிதச் சங்கிலியோ உள்நாட்டில் வில்யாண்டி, வால்மியெரா, செசிஸ் வழியாக நீண்டது.

அதனால் திட்டத்தை மாற்றிவிட்டேன். முதல் இரண்டு நாள் தாலின். மூன்றாம் நாள் ரயிலில் வால்கா, எல்லையை நடந்து பார்த்துவிட்டு மாலை செசிஸ். அங்கே ஒரு ராத்திரி. பழைய கோட்டை ஒன்று இருக்கிறது. நான்கும் ஐந்தும் ரீகா. ஆறாம் நாள் பேருந்தில் வில்னியஸ், நாலு மணி நேரம். ஏழாம் நாள் பழைய நகரம். எட்டாம் நாள் காலை பனேரியாய், மாலை விமானத்தில் ஹெல்சிங்கி. போக நினைப்பவர்களுக்கு இரண்டு குறிப்பு: ஜூன் 23, 24 நடுக்கோடைத் திருவிழா, ஊரே கிராமத்துக்குப் போய்விடும், கடைகள் மூடியிருக்கும். கல் பதித்த தெருக்களுக்கு நல்ல கனத்த அடியுள்ள செருப்பு வேண்டும்.

எட்டாம் நாள் காலைக்கு மட்டும் வீட்டில் ஒப்புதல் வரவில்லை. "லீவு போட்டுப் போய் சுடுகாட்டையா பார்க்கறது?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். "நீ அறையிலேயே ஓய்வெடு, நான் மட்டும் போயிட்டு வர்றேன்" என்றேன். திட்டத்தைப் படித்துவிட்டு மகள் ராத்திரி ஃபோன் செய்தாள். ஒரே மாதிரி இருக்கும் என்று சொன்னதைப் பற்றி எதுவும் பேசவில்லை. "அந்தக் காட்டுக்கு நானும் வரேன்ப்பா. ட்ரெய்ன் எத்தனை மணிக்குன்னு பார்த்து வைக்கறேன்" என்றாள்.

போய் வந்தபின் மிச்சத்தை எழுதுகிறேன்.