மலையைப் பாடுவதும் மலையின் அழுகையைக் கேட்பதும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

பழனி மலைத்தொடரின் இயல்பைச் சொல்லும் பாடல்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நம்மில் பலருக்கும் மூடுபனியும் ஏரியும் பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை பூக்கும் குறிஞ்சியும் இடம்பெறும் பாடல்களே நினைவுக்கு வரும். அவை இனியவை, ஆயினும் விருந்தினராக வந்து செல்வோரின் பாடல்கள். அங்கேயே பிறந்து, உழைத்து, மடிகின்றவர்களின் குரல் அவற்றில் கேட்கின்றதா என்று நாம் வினவுவதில்லை.

பாடலை நிறுத்துப் பார்க்க இறைமறை நமக்கொரு தராசு தந்திருக்கின்றது. அஷ்ஷுஅரா அத்தியாயத்தின் இறுதி வசனங்கள் (26:224-227), ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் மனம்போனபடி அலைந்து, செய்யாததைச் சொல்லித் திரியும் கவிஞர்களைக் கண்டிக்கின்றன. ஆனால் ஈமான் கொண்டு நற்செயல் புரிந்து, அல்லாஹ்வை அதிகம் நினைவுகூர்ந்து, அநீதி இழைக்கப்பட்ட பின் தம்மைத் தற்காத்துக்கொள்வோருக்கு அவை விலக்களிக்கின்றன. கவிதையின் மதிப்பு அதன் இனிமையில் மட்டும் இல்லை. அநீதியின் முன் அது எங்கே நிற்கின்றது என்பதிலும் இருக்கின்றது.

இத்தராசில் முதலில் வைக்கத் தக்கவை இம்மலையின் மிகப் பழைய பாடல்களே. இன்றைய பழனி அன்று பொதினி. அகநானூற்றின் முதற்பாட்டிலேயே அப்பெயர் வருகின்றது. அதனை ஆண்ட ஆவியர் குடியில் வந்தவன் வையாவிக் கோப்பெரும் பேகன். மயிலுக்குப் போர்வை அளித்த வள்ளல் என்று பள்ளிப் பருவத்தில் நாம் படித்த அதே பேகன். புறநானூற்றில் 141, 142 ஆம் பாடல்களில் பரணர் அவன் கொடையைப் போற்றுகின்றார். ஆனால் அடுத்து வரும் ஐந்து பாடல்களைப் பாடநூல்கள் அவ்வளவாக எடுத்துரைப்பதில்லை. மயிலுக்கு இரங்கிய அவ்வள்ளல், தன் மனைவி கண்ணகியைத் துறந்து பிறிதொருத்தியிடம் சென்றிருந்தான்.

143 ஆம் பாட்டில் கபிலர் அவன் வாயிலில் நின்று அவனையும் அவன் மலையையும் பாடுகின்றார். அதனைக் கேட்ட ஒரு பெண் கண்ணீரை நிறுத்த இயலாமல், குழல் அழுவதுபோல் விம்முகின்றாள். அவள் யார் என்று மன்னனிடமே கேட்கின்றார் கபிலர். மலையின் அழகைப் பாட வந்த புலவர், அம்மலையில் ஒலித்த அழுகையைத் தம் பாட்டின் பொருளாக்கிக்கொண்டார். பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகியோரும் அவரோடு சேர்ந்துகொண்டனர். பசித்து வரவில்லை, தாங்க வேண்டிய சுற்றமும் இல்லை, இன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயர் களைவதே நாங்கள் இரக்கும் பரிசில் என்கின்றார் பரணர். உன் அணிகலனும் செல்வமும் எமக்கு வேண்டா என்கின்றார் அரிசில் கிழார். அரசனின் கொடையால் வாழ்ந்த புலவர்கள், அக்கொடையையே மறுத்து ஒரு பெண்ணின் உரிமையைக் கேட்டனர். மனைவியிடம் நன்முறையில் நடப்பவரே உங்களில் சிறந்தவர் என்னும் நபிமொழியைக் கேட்டு வளர்ந்த நமக்கு இவை அயலான பாடல்களாகத் தோன்றவில்லை.

அதே 143 ஆம் பாட்டில் மற்றொரு காட்சியும் உண்டு. மலைக்குறவர் மழை வேண்டிப் பலியிடுகின்றனர். மழை மிகுந்ததும் முகில்கள் மேலே செல்லட்டும் என்று மீண்டும் வேண்டுகின்றனர். அவர்தம் வழிபாட்டு முறை நம்முடையதன்று. ஆயினும் அத்தேவையை நாம் அறிவோம். வறட்சிக்காலத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஜும்ஆ உரையின்போது மழைக்காக துஆ செய்ததையும், அடுத்த ஜும்ஆ வரை மழை ஓயாது பெய்ததையும், பின்னர் எங்களைச் சுற்றிலும் பொழியட்டும், எங்கள்மீது வேண்டாம், மேடுகளிலும் மலைகளிலும் ஓடைகளிலும் மரங்கள் முளைக்கும் இடங்களிலும் பொழியட்டும் என்று வேண்டியதையும் அனஸ் (ரலி) அறிவிக்கின்றார்கள். மலையில் பெய்யும் மழையே கீழ்நிலத்தின் வாழ்வு. பழனி மலையில் இறங்கும் நீரும் அவ்வாறே வைகைக்கும் அமராவதிக்கும் சென்று சேர்கின்றது.

அந்நீரைப் பற்றியதே நம் காலத்துப் பாடலும். 1980களில் கொடைக்கானலில் பாம்பார் சோலையை ஒட்டி வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று இயங்கியது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. பாதரசம் கலந்த 7.4 டன் கண்ணாடிக் கழிவு ஊருக்குள் ஒரு பழைய பொருள் கிடங்கில் கிடப்பதை 2001 மார்ச்சில் ஊர்மக்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளிக்கொணர்ந்தனர், ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் நீண்ட காலம் போராடினர். 2015 இல் சென்னையைச் சேர்ந்த சோபியா அஷ்ரஃப் அவர்களுக்காகப் பாடிய ராப் பாடல் உலகெங்கும் பரவியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாடு கண்டது. எனினும் அவர்களின் நோய்களுக்குத் தான் காரணம் என்பதை அது ஏற்கவில்லை. மண்ணை முழுமையாகத் தூய்மைப்படுத்தக் கோரி 2018 இல் டி.எம். கிருஷ்ணாவும் இணைந்து பாடிய மற்றொரு பாடல் வெளிவந்தது.

அப்பாடலின் மெட்டும் மொழிநடையும் நம்மில் சிலருக்கு உவப்பாக இராது. இசைக்கருவிகள் குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டென்பதையும் அறிவோம். அவ்விவாதத்திற்குள் இங்கு நுழையவில்லை. நாம் காண்பது ஒன்றே: கபிலர் பேகன் வாயிலில் செய்ததை, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் இப்பாடகர்கள் ஒரு நிறுவனத்தின் வாயிலில் செய்தனர். கொடையால் பெயர்பெற்றோரிடமும் கணக்குக் கேட்கலாம் என்பதே இம்மலைப் பாடல்களின் மரபு.

ஆகவே விடுமுறையில் குடும்பத்தோடு மலையேறும்போது, பிள்ளைகளுக்குப் பேகனின் மயிலைச் சொல்வோம். கண்ணகியின் கண்ணீரையும் சேர்த்தே சொல்வோம். ஏரியைக் காட்டும்போது அதன் நீர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்பதையும் உணர்த்துவோம். அழகைக் கண்டு சுப்ஹானல்லாஹ் என்று சொல்லும் நாவு, அநீதியைக் கண்டு மௌனம் காக்காதிருக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக. ஆமீன்.