மூத்தோர் கண்ட குற்றமும் இளையோர் காணாத குற்றமும்

ஆங்கிலப் படிப்புப் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டது என்பதே 1920களில் யாழ்ப்பாணத்து மூத்த தலைமுறையின் பெருங் குறை. அப்படிப்புக்கெனக் காணியை ஈடு வைத்தவர்களும் அதே தகப்பன்மாரே என்பதுதான் வேடிக்கை. உத்தியோகம் தரும்வரை படிப்பு நல்லது. எல்லாச் சாதியாருடனும் ஒரே பந்தியில் அமரத் தூண்டியபோது அது கெட்டதாயிற்று.

1924-ல் ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. தீண்டாமை ஒழிப்பு, சமபோசனம், பூரண சுயராச்சியம் என்பன அதன் கோரிக்கைகள். 1927-ல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வருவித்தவரும் இவ்விளைஞரே.

மூத்தோரை வெறும் பிற்போக்காளரென ஒதுக்கிவிடுதல் எளிது. சேர் பொன். இராமநாதன் 1913-ல் பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவியவர். அதே பெரியவர் பெண்களுக்கு வாக்குரிமை கூடாதென்றார். 1930-ல் மறையும்வரை சர்வசன வாக்குரிமையை எதிர்த்தே நின்றார். கல்வியை மேலோர் அளிக்கும் கொடையாகக் கண்டவர்களின் செவிக்கு உரிமை என்ற சொல் மரியாதைக்கேடாகவே ஒலித்தது. பாடசாலைகளில் சகல பிள்ளைகளும் சமமாக அமரவேண்டுமென்ற நியதி 1930ஐ அண்டி நடைமுறைக்கு வந்தபோது, சில பாடசாலைகள் தீக்கிரையாயின. மரபு காப்பதாகச் சொல்லிக்கொண்டவர்கள் காத்தது எதை என்பதை அச்சாம்பல் காட்டிற்று.

இத்தகைய மூத்தோரை இளைஞர் அடிமை மனத்தினர் என இகழ்ந்ததில் வியப்பில்லை. ஆனால் 1931-ல் அவர்கள் செய்தது வேறொரு கேள்வியை எழுப்புகிறது. டொனமூர் அரசியலமைப்பு சுயராச்சியம் தரவில்லையெனக் கூறி, அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கும்படி வாலிபர் காங்கிரஸ் அறைகூவிற்று. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் எவரும் வேட்புமனுத் தாக்கல் செய்யவில்லை. நோக்கத்தின் தூய்மையில் எமக்கு ஐயமில்லை. எனினும், அதற்கு முன் சனத்தொகையில் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வரே வாக்காளராயிருந்தனர். இருபத்தொரு வயது நிரம்பிய ஆணும் பெண்ணும், சாதியும் சொத்தும் கேளாது வாக்களிக்கக்கூடிய முதல் தேர்தல் அது.

சொத்துள்ள வீட்டு இளைஞன் தன் தந்தை ஏற்கெனவே அனுபவித்த வாக்கைத் துறந்தான். அவ்வீட்டு வயலில் உழைத்த கூலியாளோ ஒருநாளும் கையிற் பெறாத வாக்கை இழந்தான். முன்னதைத் தியாகமெனலாம், பின்னதற்கு அப்பெயர் பொருந்தாது. மூத்தோர் கொடுக்க மறுத்ததை இளையோர் வேறு காரணத்தால் தடுத்தனர். அந்நான்கு ஆசனங்களும் 1934-ல் இடைத்தேர்தல் நடக்கும்வரை வெறுமையாகவே கிடந்தன.