இரண்டாம் குரல்: எம்.பி. சீனிவாசனும் சேர்ந்திசையும்

எம்.பி. சீனிவாசன் என்று சொன்னால் பழைய பாடல் கேட்கிற தமிழர்களுக்குப் பெரும்பாலும் ஒரு பாட்டுதான் நினைவுக்கு வரும். 1960இல் வந்த ‘பாதை தெரியுது பார்’ படத்தில் ஜெயகாந்தன் எழுதி, பி.பி. ஸ்ரீனிவாசும் எஸ். ஜானகியும் பாடிய ‘தென்னங்கீற்று ஊஞ்சலிலே’. கொஞ்சம் தோண்டிப் பார்ப்பவர்கள் ‘மதன மாளிகை’ என்று இன்னொரு பெயரைச் சேர்ப்பார்கள். மலையாளிகளிடம் கேட்டால் பட்டியல் நீளும். அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘எலிப்பத்தாயம்’, ‘முகாமுகம்’, ‘அனந்தரம்’, கே.ஜி. ஜார்ஜின் ‘உள்கடல்’, ‘யவனிகா’, லெனின் ராஜேந்திரனின் ‘சில்லு’ எல்லாவற்றுக்கும் இசை இந்தத் தமிழர்தான். என் கணக்கில் இவையெல்லாம் அவருடைய பக்கத் தொழில். மையத் தொழில் என்பது பத்து இருபது பேரை நிற்க வைத்து, ஒரே நேரத்தில் வேறுவேறு ஸ்வரங்களைப் பாடச் சொல்வது.

கேமரன் மலையில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் இதைப் பற்றி எனக்கு ஒரு தனிப்பட்ட அக்கறை இருக்கிறது. தேயிலைத் தோட்டங்களில் நாங்கள் கூட்டமாக நிறையப் பாடுவோம். பள்ளியில் காலை சபைக்கூடலில் தேவாரம், மாரியம்மன் கோயில் திருவிழாவில் பஜனை, கார்த்திகை மாதத்தில் ஐயப்பன் பாட்டு. எல்லாமே ஒரே மெட்டு. ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். யாருக்குக் குரல் பெரிதோ அவர் பாட்டை இழுத்துக்கொண்டு போவார். குரல் சின்னதாக இருப்பவர் பாடினாலும் ஒன்றுதான், வாயசைத்தாலும் ஒன்றுதான். இருநூறு பேர் பாடினாலும் இசை என்ற அளவில் அது ஒரே ஆள் பாடுவதுதான், சத்தம் மட்டும் கூடுதல். இது தோட்டத்துக் குறையல்ல. நம்முடைய செவ்வியல் இசையே தனிக்குரலைச் சுற்றிக் கட்டப்பட்டது. சீனிவாசன் கைவைத்தது இந்த இடத்தில்.

மானாமதுரை பாலகிருஷ்ணன் சீனிவாசன் 1925இல் சித்தூரில் பிறந்தார். சென்னையில் படிக்கும்போதே இடதுசாரி மாணவர் இயக்கத்துக்குள் போய்விட்டார். பிறகு டில்லியில் கம்யூனிஸ்ட் நாடாளுமன்ற உறுப்பினர் ஏ.கே. கோபாலனுக்குச் செயலாளராக இருந்தார். இப்டா என்கிற இந்திய மக்கள் நாடக மன்றத்தின் பாட்டுகள் அவர் காதில் விழுந்தது இந்தக் காலத்தில்தான். கூட்டங்களில், ஊர்வலங்களில், மைக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாடுவதற்கென்று செய்யப்பட்ட பாட்டுகள். அவர் மணந்துகொண்டது சைபுதீன் கிச்லூவின் மகள் ஜாகிதாவை. 1919இல் அமிர்தசரஸில் கிச்லூவும் சத்யபாலும் கைதானதைக் கண்டித்து எழுந்த கொந்தளிப்புதான் ஜாலியன்வாலாபாக் வரை போனது. அதே கிச்லூவுக்கு 1952இல் சோவியத் அரசு ஸ்டாலின் அமைதிப் பரிசைக் கொடுத்தது.

இதே பரிசை 1955இல் வாங்கியவர் செகி அகிகோ என்கிற ஜப்பானியப் பாடகி. ‘ஜப்பான்காரன் காலம்’ என்றால் எங்கள் தோட்டத்துப் பெரியவர்களுக்கு ஒரே அர்த்தம்தான்: சயாம் மரண ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக்கொண்டு போன காலம். அந்தப் போர் முடிந்து மூன்றாவது வருஷம், 1948இல், செகி தோக்கியோவில் ஒரு சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கினார். அதிலிருந்து ‘உத்தாகோயே’ இயக்கம் வளர்ந்தது. ‘பாடும் குரல்’ என்று பொருள். ஆலைகளிலும் ரயில்வேயிலும் தொழிலாளர்கள் வேலை முடிந்து பாடப் பழகினார்கள், அணுகுண்டுக்கு எதிராகப் பாடினார்கள். இந்தியாவில் ஐம்பதுகளின் இறுதியில் சலீல் சௌத்ரி பம்பாயில் ஓர் இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கினார், கல்கத்தாவில் ருமா குஹா டாகுர்தா இன்னொன்றை. சீனிவாசன் இந்த அலையைச் சேர்ந்தவர். சென்னையில் அந்த அலை கொஞ்சம் தாமதமாக வந்தது.

தாமதத்துக்குக் காரணம் இருந்தது. சென்னைக்கு வந்தவர் முதலில் செய்தது தொழிற்சங்க வேலை. வங்காளத்திலிருந்து வந்திருந்த ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷும் இவரும் சேர்ந்து சினிமாத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டினார்கள். ஸ்டூடியோவில் வயலினும் தபலாவும் வாசிக்கிறவர்கள் கலைஞர்கள், அவர்கள் கூலி பற்றிப் பேசக் கூடாது என்று நினைத்த உலகம் அது. சினிமா இசைக்கலைஞர்கள் சங்கம் பிறந்தது இவருடைய முயற்சியால். நிமாய் கோஷ் இயக்கிய ‘பாதை தெரியுது பார்’ படமும் இதே ஆட்களின் படம்தான். தொழிலாளர் வாழ்க்கையைச் சொல்ல வந்த அந்தப் படம் ஓடவில்லை, பாட்டு நின்றுவிட்டது.

யேசுதாஸ் கதை எல்லோரும் சொல்வது. 1961 நவம்பர் 14ஆம் தேதி, சென்னை பரணி ஸ்டூடியோவில், ‘கால்பாடுகள்’ படத்துக்காக இருபத்தோரு வயசுப் பையனை நாராயண குருவின் நான்கு வரிகளைப் பாட வைத்தார் சீனிவாசன். சாதி வேறுபாடும் மதப் பகையும் இல்லாமல் எல்லாரும் வாழும் இடம் பற்றிய வரிகள். நல்ல தொடக்கம்தான். ஆனால் அதுவும் தனிக்குரல்.

1970களின் தொடக்கத்தில்தான் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழு உருவானது. ‘மெட்ராஸ் யூத் கொயர்’ என்றால்தான் பலருக்குத் தெரியும். தொழில்முறைப் பாடகர்களை நம்பி ஆரம்பித்த குழு அல்ல. மாணவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், பாட ஆசைப்பட்டவர்கள். பாரதியின் பாட்டுகள் அவர்களுடைய முதுகெலும்பு. வானொலி வழியாக அந்தக் குரல்கள் ஊர் ஊராகப் போயின.

இதில் என்ன கஷ்டம் என்று பாடிப் பார்க்காதவர்களுக்குப் புரியாது. மேலை இசையில் சேர்ந்திசை என்றால் மேல் ஸ்தாயிப் பெண்குரல், கீழ் ஸ்தாயிப் பெண்குரல், மேல் ஆண்குரல், கீழ் ஆண்குரல் என்று நான்கு வரி. நான்கும் சேர்ந்து ஒலிக்கும்போது ஸ்வர அடுக்குகள் உருவாகும். நம் ராகத்தில் அதைச் செய்யப் போனால் உடனே சுவரில் முட்டும். மோகனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ச ரி க ப த, அவ்வளவுதான். மேலை முறையில் மூன்று ஸ்வர அடுக்கு கட்டினால் ச-க-ப ஒன்று கிடைக்கும், த-ச-க இன்னொன்று கிடைக்கும். அதோடு சரி. பஞ்சமத்தின் மேல் ஓர் அடுக்கு கட்ட நிஷாதம் வேண்டும், மோகனத்தில் அது கிடையாது. சேர்த்தால் ராகம் போச்சு. அடுத்தது கமகம். ஒருவர் காந்தாரத்தை அசைத்தால் அழகு. இருபது பேர் இருபது விதமாக அசைத்தால் சந்தை. அசைக்கவே கூடாது என்றால் தமிழ்ப் பாட்டு சர்ச் பாட்டு மாதிரி ஆகிவிடும்.

தப்பிக்கச் சில வழிகள் உண்டு. அடுக்குக் கட்டாமல், ஒரு குழு மெட்டைப் பாட இன்னொரு குழு அதே ராகத்தில் எதிர் மெட்டு பாடலாம். ஒரு குழு தொடங்கி இரண்டு ஆவர்த்தனம் கழித்து இன்னொரு குழு அதே வரியோடு நுழையலாம். ஆண் குரல்கள் ஆதார ஸ்வரத்தைச் சொற்களோடு தாளமாகத் தட்டிக்கொண்டிருக்கலாம், தவில் மாதிரி. சேர்ந்திசைப் பதிவுகளைக் கேட்கிற யாரும் இந்த வித்தைகளை அடையாளம் காணலாம். சீனிவாசனின் பாணியில் எனக்குப் பிடித்தது, சொல் எப்போதும் காதில் விழும். எத்தனை வரி குறுக்கே ஓடினாலும் பாரதி சொன்னது என்ன என்று தெரியும். பிடிக்காததும் உண்டு. அணிவகுப்பு நடை அதிகம். தேசியப் பாட்டுக்கு அது பொருந்துகிறது, ஆனால் ஒரு துக்கத்தை, ஒரு தயக்கத்தை இருபது குரல் எப்படிப் பாடும் என்ற கேள்விக்குள் அவர் போதுமான தூரம் போகவில்லை என்று நினைக்கிறேன். ‘எலிப்பத்தாயம்’ படத்தின் பின்னணி இசையில் அத்தனை பயத்தைக் கொண்டுவந்த மனிதருக்கு அது முடியாததல்ல.

1988 மார்ச் 9ஆம் தேதி லட்சத்தீவில் இறந்தார். சினிமா வேலையாகப் போகவில்லை, சேர்ந்திசை வேலையாகப் போயிருந்தார். வயது 62. குழு அவரோடு முடிந்துவிடவில்லை, அவரிடம் பழகியவர்கள் தொடர்ந்து நடத்தினார்கள்.

சினிமாப் பாட்டை யார் வேண்டுமானாலும் தேடிக் கேட்கலாம். சேர்ந்திசையை அப்படிக் கேட்டு மட்டும் கற்றுக்கொள்ள முடியாது. பதிவில் எல்லா வரியும் கலந்து வரும். அதிலிருந்து இரண்டாம் வரியைப் பிரித்தெடுப்பது குழம்பிலிருந்து புளியைப் பிரிப்பது போல. போன வருஷம் எங்கள் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவுக்கு ஒரு பாரதி பாட்டைச் சொல்லிக் கொடுக்கப் போனேன். பொறியியல் படிப்பு இங்கே உதவியது. பதிவைக் கணினியில் போட்டு, கீழ் ஸ்தாயியை மட்டும் உயர்த்தி, திரும்பத் திரும்பக் கேட்டேன். பாதிதான் பிடிபட்டது. மீதியை மோகனத்துக்குள் நானே கட்டினேன்.

அந்தப் பள்ளியில் மொத்தமே சில டஜன் பிள்ளைகள்தான். தோட்டத்தில் இப்போது கொழுந்து பறிக்கும் இயந்திரத்தைப் பிடித்திருப்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். நம் ஆட்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். பதினாறு பிள்ளைகளை எட்டு எட்டாகப் பிரித்தேன். இரண்டாம் குழு ஐந்தே விநாடியில் முதல் குழுவின் மெட்டுக்குத் தாவிவிடும். பள்ளியில் உதவிக்கு இருக்கும் அக்கா ஒருவர் பார்த்துவிட்டு, “ஏன் தம்பி, எல்லாரும் ஒண்ணா பாடுனா நல்லாத்தானே இருக்கு, எதுக்கு இப்படிப் பிரிக்கிறீங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் பதில் சொல்லவில்லை, பிள்ளைகளை முதுகோடு முதுகு திருப்பி உட்கார வைத்தேன். இரண்டாம் குழுவுக்கு அவர்கள் வரியை மட்டும், அதுதான் பாட்டு என்பது போல, ஒரு வாரம் தனியாகச் சொல்லிக் கொடுத்தேன். பிறகுதான் சேர்த்தேன்.

முதல் தடவை இரண்டும் சேர்ந்து ஒலித்தபோது பாதியிலேயே நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். இரண்டாம் குழுவில் இருந்த ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, வழக்கமாகப் பின்வரிசையில் வாயசைப்பவள், “சார், நான் நிறுத்துனா எங்க பாட்டே நின்னுரும் போலருக்கே” என்றாள். அவள் பக்கத்தில் நின்ற இருவருக்கும் சளி, அன்றைக்கு அந்த வரியை ஏறக்குறைய அவள் ஒருத்திதான் பாடினாள். மறுநாள் இரண்டாம் வரியின் ஸ்வரங்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் ச, க, ப, த என்று எழுதிக் கொடுத்தேன். நோட்டு இப்போது பள்ளி அலமாரியில் இருக்கிறது.