தோம்பும் ஆள்களமும்: தீவகத்தார் தம் பெயரைத் தாமே பதிதல்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கிடக்கும் தீவுகளுக்கு ஒல்லாந்தர் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின்னர், அவர்களுடைய வரைபடங்களில் வேலணை லெய்டன் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்ரர்டாம், புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு ரொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்வ்ற் என்று அழைக்கப்பட்டன. இவற்றுள் ஆங்கில மொழி அரச ஆவணங்களில் இன்றும் நிலைத்து வழங்குவது டெல்வ்ற் என்பதுதான். ஏனையவை பழைய வரைபடங்களோடு நின்றுபோயின. நெடுந்தீவில் பிறந்த எவரும் தம் ஊரை டெல்வ்ற் என்று வீட்டில் சொல்லிக் கேட்டதில்லை. ஆயினும் ஆங்கிலத்தில் படிவம் நிரப்பும்போது அவ்வாறே எழுத வேண்டியிருக்கிறது.

ஓர் ஊரில் வாழ்பவர்கள் வழங்கும் பெயர் ஒன்றாகவும், பதிவேட்டில் ஏறிய பெயர் வேறொன்றாகவும் இருப்பது தீவகத்துக்குப் புதிதன்று. அதே நிலைமை இன்று தனிமனிதர்களின் பெயர்களுக்கும் நேர்கிறது. இணையத்தில் ஒருவருடைய பெயருக்குரிய முகவரியை ஆள்களப் பெயர் என்கிறோம். பேச்சு வழக்கில் 'டொமெயின்' என்றால் எல்லோருக்கும் விளங்கும். அதை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் நாமே பதிந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது. அதற்குத் தீவகத்தின் வரலாற்றிலிருந்தே காரணம் காட்ட முடியும்.

கல்லில் ஏறிய பெயர்

நயினாதீவில் ஒரு தமிழ்க் கல்வெட்டு உண்டு. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னன், 12ஆம் நூற்றாண்டில் வெளியிட்ட ஆணை அது. வரலாற்றாசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1960களில் எழுதினார். பிறநாட்டு வணிகர்கள் ஊராத்துறையிலே வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படும் என்று அக்கல்வெட்டு கூறுகிறது. யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால், மீட்கப்படுவதில் நான்கில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு வணிகப் பொருள் ஏற்றிவந்த கலம் உடைந்தால் சரிபாதி.

சிங்கள நாட்டு மன்னன் ஒருவன் இதனைத் தமிழில் பொறிப்பித்ததன் காரணம் எளிது. அத்துறைக்கு வந்துபோன வணிகர்கள் தங்கள் உரிமையை அறிந்திருக்க வேண்டும். உரிமை இருந்தால் மட்டும் போதாது, அது எல்லோரும் காணக்கூடிய இடத்தில் எழுதப்பட்டிருக்கவும் வேண்டும். அந்தக் கல்லால் நமக்கு வாய்த்த இன்னொரு பயன், 'ஊராத்துறை' என்ற பெயர். அரச ஆவணங்கள் ஊர்காவற்றுறை என்கின்றன. ஆங்கிலத்தில் கய்ட்ஸ் என்கிறார்கள். அது யானைகளின் இறங்குதுறை என்று பொருள்படும் போர்த்துக்கேயத் தொடரிலிருந்து வந்தது என்பர். தீவக மக்களின் வாயிலோ எண்ணூறு ஆண்டுக்கு முந்திய அதே ஊராத்துறைதான் இன்றும் வழங்குகிறது.

தோம்பில் ஏறிய பெயர்

போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் காணிகளையும் குடிகளையும் வரி நோக்கத்துக்காகப் பதிந்து வைத்த ஏட்டுக்குத் தோம்பு என்று பெயர். போர்த்துக்கேயச் சொல்லான 'தொம்பு' தமிழில் அவ்வாறு நிலைத்தது. இலிஸ்பனிலுள்ள அவர்களது தேசிய ஆவணக் காப்பகத்தின் பெயரிலும் அச்சொல் இருக்கிறது. காணி யாருடையது என்ற வழக்கு எழும்போது, தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் வாழ்ந்தவரின் வாய்ச்சொல்லைவிடத் தோம்பில் இருந்த வரிக்கு மதிப்பு அதிகம். எழுதியவர் அந்நிய எழுத்தர், காதில் விழுந்தபடி எழுதினார், ஆனால் எழுத்தே நின்றது.

பத்திரிகைத் துறையில் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில் நானும் ஒருவகைத் தோம்பைப் பேணியவன்தான். யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளின் மரண அறிவித்தல்களைச் சொல்கிறேன். 'புங்குடுதீவைப் பிறப்பிடமாகவும் கனடா ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட' என்று அவை தொடங்கும். பின்னர் பெயர் வரும், பெற்றோர் பெயர் வரும், பிள்ளைகள் எந்தெந்த நாட்டில் இருக்கிறார்கள் என்ற பட்டியல் வரும். ஆள், ஊர், நாடு என்று ஒழுங்காக அமைந்த முகவரி அது. ஆள்களப் பெயரும் அவ்வாறே அமைந்தது. முதலில் ஆளின் பெயர், அடுத்துப் புள்ளி, அதன்பின் நாடோ வகையோ. வேறுபாடு ஒன்றுதான். மரண அறிவித்தலில் நம் பெயரை மற்றவர்கள் பதிகிறார்கள்.

கணினி உலகின் தோம்பு

இணையத்தின் முன்னோடி வலையமைப்பிலும் தொடக்கத்தில் ஒரே ஒரு தோம்பு இருந்தது. எல்லாக் கணினிகளின் பெயரும் எண்முகவரியும் ஒரே கோப்பில் எழுதப்பட்டிருந்தன. கலிபோர்னியாவின் ஸ்ரான்போர்ட் ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபெயின்லர் என்ற அம்மையாரின் குழு அதனைப் பேணியது. கணினிகள் பெருகியபோது ஒரு கோப்பு தாங்கவில்லை. 1983இல் போல் மொக்கபெற்றிஸ் வகுத்த ஆள்களப் பெயர் முறைமை, பதிவேட்டைப் பலருக்குப் பகிர்ந்து கொடுத்தது. 'டொட் கொம்' என முடியும் முதற்பெயர் 1985 மார்ச் 15ஆம் நாள் பதியப்பட்டது. பதிவு 1995 வரை இலவசம். அவ்வாண்டு முதல் ஆண்டுக்கு ஐம்பது அமெரிக்க டொலர் அறவிடத் தொடங்கினர். பின்னர் பதிவு நிறுவனங்கள் பெருகின, விலையும் இறங்கியது.

நெதர்லாந்துக்கு உரிய 'டொட் என்எல்' 1986இல் உருவானது. இலங்கைக்கு உரிய 'டொட் எல்கே' 1990 ஜூன் மாதம் பதிவாயிற்று. அந்த மாதத்தை நம்மவர்கள் வேறொரு காரணத்துக்காக மறக்கமாட்டார்கள். இரண்டாம் ஈழப்போர் தொடங்கியது அப்போதுதான். ஆகஸ்டில் ஊர்காவற்றுறையில் படையினர் இறங்கினர். 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவகத்தின் பெரும்பகுதி வெறிச்சோடியது. நாட்டுக்கு இணையத்தில் ஒரு பெயர் கிடைத்த அதே வேளையில், தீவகத்து மக்கள் பெயரையும் பிறப்புச் சான்றிதழையும் பையில் இட்டுக்கொண்டு வெளியேறினார்கள். பலர் சென்று சேர்ந்த இடங்கள் பாரிஸ், சூரிச், இலண்டன், ஒஸ்லோ, ரொறன்ரோ.

எழுத்துக்கூட்டலில் சிதறிய பெயர்

அங்கேதான் பெயர்ச் சிக்கல் முற்றியது. தமிழருக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை. தந்தையின் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். ஐரோப்பியப் படிவமோ குடும்பப் பெயர் எங்கே என்று கேட்டது. ஒருவர் தந்தை பெயரை இட்டார், அவருடைய தம்பி வேறு நாட்டில் தன் பெயரையே இட்டார். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று வெவ்வேறு குடும்பப் பெயரோடு இருக்கிறார்கள். எழுத்துக்கூட்டல் கதை இன்னும் நீளம். என் மகளின் பெயர் பிறப்புச் சான்றிதழின் ஆங்கிலப் பிரதியில் ஒருவிதம், பள்ளிக்கூட இடாப்பில் ஒருவிதம், கடவுச்சீட்டில் மூன்றாவது விதம். மூன்றையும் எழுதியவர்கள் அலுவலர்கள். அவளையோ எங்களையோ கேட்டு எழுதவில்லை.

ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனில் 1913இல் பிறந்த சேவியர் தனிநாயகம் அடிகளை எண்ணிப் பார்க்கிறேன். தனிநாயகம் என்பது அவர் பின்னாளில் தாமே விரும்பி ஏற்றுக்கொண்ட பெயர். 'தமிழ்க் கல்ச்சர்' இதழை 1952இல் தொடங்கினார். 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றவும், 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடவும் முன்னின்றார். இத்தகையவரின் பெயரையே ஆங்கிலத்தில் சிலர் ஒரே சொல்லாகவும் சிலர் இரு சொல்லாகவும் எழுதுகிறார்கள். அவர் நூல்களைத் தேடுகிறவர் எல்லா வடிவங்களையும் இட்டுத் தேட வேண்டும். ஒரு பேரறிஞருக்கே இந்த நிலை என்றால், நம் பிள்ளைகளின் பெயருக்கு யார் காவல்?

தனியாட்களுக்கென்றே 'டொட் நேம்' என்ற பிரிவு 2002இல் வழக்குக்கு வந்தது. முதற்பெயர், புள்ளி, குடும்பப் பெயர் என்பதே அதன் தொடக்க அமைப்பு. உலகம் முழுவதும் குடும்பப் பெயர் உண்டு என்ற எண்ணத்தில் வகுத்தது. 2004 முதல் ஒரே பெயராகவும் பதியலாம் என்று தளர்த்தினார்கள். நமக்குப் பொருந்துவது அந்த வடிவமே.

ஆள்களப் பெயரைப் பதியும்போது, எழுத்துக்கூட்டலைத் தீர்மானிப்பவர் நாமே. அலுவலர் எவரும் குறுக்கே வருவதில்லை. அதன் பெரும்பயனாக நான் கருதுவது இதைத்தான். ஒருமுறை தீர்மானித்துவிட்டால், மின்னஞ்சலிலும் நூலின் பின்னட்டையிலும் அதே வடிவம் நிலைக்கும். வேலைக்கு விண்ணப்பித்தாலும் அதே பெயர்தான். பணிபுரியும் நிறுவனம் மாறலாம், மின்னஞ்சல் தரும் நிறுவனம் மூடப்படலாம். யாகூவின் ஜியோசிற்றீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டபோது அதில் வீடு கட்டியிருந்த தமிழ்ப் பக்கங்களும் இடம் இழந்தன. பெயர் நம்முடையதாக இருந்தால் வீட்டை வேறிடத்துக்கு மாற்றலாம், முகவரி மாறாது.

தமிழ் எழுத்தில் தமிழ்ப் பெயர்

தமிழ் எழுத்திலேயே ஆள்களம் பதியும் வழியும் உண்டு. பிற எழுத்துகளைக் கணினிக்கு ஏற்ற உரோம எழுத்துக் கோவையாக மாற்றும் நியமம் 2003இல் வெளிவந்தது. 2010இல் 'டொட் இலங்கை' தமிழில் அங்கீகாரம் பெற்றது. 'டொட் இந்தியா', 'டொட் சிங்கப்பூர்' ஆகியனவும் தமிழில் உள்ளன. டெல்வ்ற் என்று உரோம எழுத்தில் தேடினால், முன்னால் வந்து நிற்பது நெதர்லாந்து நகரமும் அதன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும். நெடுந்தீவு என்று தமிழில் எழுதினால் போட்டிக்கு எவரும் இல்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. சில மின்னஞ்சல் சேவைகளும் இணையப் படிவங்களும் தமிழ் எழுத்து முகவரியை இன்னும் ஏற்பதில்லை. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுவன கணினிக்கு இரண்டாக இருப்பதும் உண்டு. ஔவை என்பதை ஔகாரத்தால் எழுதுவதும், ஒகரமும் ளகரமும் சேர்த்து எழுதுவதும் வேறு வேறு. ஆகவே உரோம எழுத்தில் ஒன்று, தமிழில் ஒன்று என இரண்டையும் வைத்திருப்பதே நல்லது.

முதுசமா, குத்தகையா?

1707இல் ஒல்லாந்தர் தொகுத்து நடைமுறைப்படுத்திய தேசவழமை, சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று வகுத்தது. ஆள்களப் பெயர் இவற்றுள் எதிலும் அடங்காது. அது குத்தகை. ஒரே தடவையில் அதிகபட்சம் பத்து ஆண்டுக்கே எடுக்க முடியும். தேசவழமையில், பங்குக் காணியை வெளியாருக்கு விற்குமுன் பங்காளிக்கு அறிவிக்க வேண்டும். இணையத்தில் அந்த முன்னுரிமை கிடையாது. 'டொட் கொம்' போன்றவற்றில் தவணை முடிந்தபின் சில வாரச் சலுகை உண்டு. பின்னர் கூடுதல் கட்டணத்தோடு மீட்க முப்பது நாள், அதன்பின் ஐந்து நாள். அத்துடன் சரி. முதலில் கேட்பவருக்குப் பெயர் போய்விடும்.

வழக்காடலாம் என்று எண்ண வேண்டாம். 2000இல் நடிகை ஜூலியா ரொபர்ட்ஸ் தம் பெயரை உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தின் நடுவர்கள் மூலம் மீட்டார். அதே ஆண்டு பாடகர் ஸ்ரிங் தோற்றார். அது பொதுச்சொல் என்று நடுவர் கூறினார். நம் கண்ணன்களும் செல்வங்களும் இரண்டாவது வகையினர்.

எனக்குத் தெரிந்த தீவக ஊர்ச் சங்கம் ஒன்றின் இணையத்தளம் இவ்விதமே மறைந்தது. பெயரைப் பதிந்தவர் ஆர்வமுள்ள ஒரு இளைஞர். அவர் தம் சொந்தக் கணக்கில் பதிந்தார். வேலை, குடும்பம் என்று அவர் விலகியபின் கடவுச்சொல் எவரிடமும் இல்லை. கோயில் திருவிழாப் படங்களும், ஊரின் பழைய மாணவர் பட்டியல்களும் போயின. அந்த முகவரியில் இப்போது நமக்குத் தொடர்பில்லாத ஏதோ விளம்பரம்.

ஆகவே சில நடைமுறைகளைச் சொல்லி முடிக்கிறேன். பெயரைப் பதியும் கணக்கு உங்களுடையதாக இருக்கட்டும், நண்பருடையதாக வேண்டாம். புதுப்பித்தல் அறிவித்தல் வரும் மின்னஞ்சல், அதே ஆள்களத்தில் அமையக்கூடாது. தவணை தவறிப் பெயர் முடங்கினால் அறிவித்தலும் வந்து சேராது. பிள்ளையின் பெயரைப் பெற்றோர் பொறுப்பில் பதிந்து, பதினெட்டு வயதானதும் பிள்ளையின் கணக்குக்கு மாற்றிக் கொடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடும் உரிமையும் பிள்ளைக்கு உண்டு. அதுவரை அந்த முகவரியில் பிள்ளையின் படமோ பிறந்த தேதியோ ஏற வேண்டியதில்லை. ஊர்ச் சங்கங்கள் இருவர் மூவர் பொறுப்பில் வைத்துக்கொள்வதோடு, உள்ளடக்கத்தின் ஒரு படியை 2005 முதல் இயங்கும் நூலகம் போன்ற எண்ணிம ஆவணகத்துக்கும் கொடுத்து வைக்கலாம்.

தீவகத்தவர் வீடுகளில், இடப்பெயர்வுகளைத் தாண்டி வந்த பை ஒன்று இன்றும் இருக்கும். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், சாதகக் குறிப்பு எல்லாம் அதில் கிடக்கும். பதிந்த பெயர், பதிவு நிறுவனம், தவணை முடியும் தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அதற்குள் வையுங்கள். அந்தப் பையை அடுத்து யார் திறப்பார்களோ, அவர்களிடமும் இப்போதே சொல்லி வையுங்கள்.