தர வட்டம்

தொழிற்சாலைகளில் குவாலிட்டி சர்க்கிள் என்று பரவலாக வழங்கும் தர வட்டம், ஒரே பிரிவில் வேலை செய்யும் ஊழியர்கள் சிறு குழுவாகக் கூடி, தங்கள் வேலையிலுள்ள சிக்கல்களை ஆராய்ந்து தீர்வு காணும் ஏற்பாடு. உற்பத்தி முறையை மாற்றும் பொறுப்பைப் பொறியாளர்களிடம் மட்டும் விடாமல், அந்த முறையை அன்றாடம் இயக்குபவர்களுக்கும் பகிர்ந்தளிப்பது இதன் அடிப்படை.

தோற்றம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின், ஜப்பானிய நிறுவனங்கள் புள்ளியியல் வழித் தரக் கட்டுப்பாட்டைக் கற்கத் தொடங்கின. அமெரிக்க வல்லுநர்களான எட்வர்ட்ஸ் டெமிங் 1950-இலும் ஜோசப் ஜுரான் 1954-இலும் அங்கு விரிவுரை ஆற்றினர். இந்தப் பயிற்சி பெரும்பாலும் பொறியாளர்களையும் மேலாளர்களையுமே எட்டியது. தொழிலாளர்களிடமும் மேற்பார்வையாளர்களிடமும் அதைக் கொண்டுசேர்க்க, ஜப்பானிய அறிவியலாளர், பொறியாளர் ஒன்றியம் 1962-இல் ஓர் இதழைத் தொடங்கியது. இதழைச் சேர்ந்து படித்து, படித்ததைத் தம் பிரிவிலேயே செய்துபார்க்கும் குழுக்கள் அமைய வேண்டும் என்று பேராசிரியர் கவோரு இஷிகாவா வலியுறுத்தினார். அவையே தர வட்டங்களாயின.

செயல்படும் முறை

ஒரு வட்டத்தில் பெரும்பாலும் பத்துப் பேர் அளவில் இருப்பர். சேர்வது அவரவர் விருப்பம். எடுத்துக்கொள்ளும் சிக்கலை உறுப்பினர்களே தேர்ந்தெடுப்பர். முதலில், குறைபாடுகள் எங்கே, எத்தனை முறை நேர்கின்றன என்று கணக்கெடுப்பர். எந்தக் குறையால் இழப்பு மிகுதி என்பதைப் பரேட்டோ வரைபடம் காட்டும். அடுத்து, இஷிகாவா வகுத்த மீன்முள் வரைபடத்தில் எந்திரம், மூலப்பொருள், வேலைமுறை, ஆள் எனக் காரணங்களைப் பிரித்து எழுதுவர். தீர்வைச் சிறிய அளவில் சோதித்து, பலன் தெரிந்தபின் நிர்வாகத்திடம் விளக்குவர். ஒப்புதல் கிடைத்தால் அதுவே அப்பிரிவின் நிலையான வேலைமுறையாகும். ஊதியம், பதவி உயர்வு போன்றவை வட்டத்தின் வரம்பில் வருவதில்லை. அவை தொழிற்சங்கப் பேச்சுவார்த்தைக்கு உரியவை.

பரவல்

அமெரிக்காவில் லாக்ஹீட் நிறுவனம் 1974-இல் இதைத் தொடங்கியது. இந்தியாவில் பாரத மிகுமின் நிறுவனத்தின் ஐதராபாத் ராமச்சந்திரபுரம் ஆலையில் 1980-இல் முதல் வட்டங்கள் அமைந்தன. 1982-இல் இந்தியத் தர வட்ட மன்றம் உருவாயிற்று. தர மேலாண்மைக்காக ஜப்பானில் வழங்கப்படும் டெமிங் பரிசுக்கான மதிப்பீட்டிலும் ஊழியர் பங்கேற்பு கவனிக்கப்படுகிறது. 1998-இல் அப்பரிசைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம், சென்னை பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு.

குறைபாடுகள்

அமெரிக்காவில் தொடக்க ஆர்வம் நீடிக்கவில்லை. எட்வர்ட் லாலரும் சூசன் மோர்மனும் 1985-இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் இதை ஆராய்ந்தனர். வட்டங்களுக்குப் பரிந்துரைக்க மட்டுமே அதிகாரம் இருந்ததும், இடைநிலை மேலாளர்கள் எதிர்த்ததும், சொன்ன யோசனைகள் பல நிறைவேறாமல் போனதும் சரிவுக்குக் காரணங்களாயின. வட்டங்களால் மிச்சமாகும் பணத்தில் பங்கு கிடைக்காத ஊழியர்களும் நாளடைவில் ஆர்வம் இழந்தனர்.

ஜப்பானில் எழுந்த கேள்வி வேறு. வேலை நேரம் முடிந்தபின் நடக்கும் கூட்டங்கள் பெயரளவில் விருப்பச் செயல் என்றாலும், வராமலிருப்பது எளிதன்று. டொயோட்டா ஊழியர் ஒருவரின் மரணம் குறித்த வழக்கில், நகோயா மாவட்ட நீதிமன்றம் 2007-இல் தர வட்டப் பணியையும் வேலை நேரமாகக் கணக்கிட்டு, மிகைவேலையே மரணத்துக்குக் காரணம் என்று தீர்ப்பளித்தது. தர வட்டத்தில் செலவாகும் நேரம் முழுவதற்கும் 2008 முதல் மிகைநேர ஊதியம் வழங்க டொயோட்டா முடிவு செய்தது.